சோப்பு வாடை

இயந்திரத்தின் நெற்றியில் 62.5 டிகிரி என்று சிவப்பு எழுத்து வந்து நின்றபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பத்து. இனி முப்பது நிமிஷம். இந்த முப்பது நிமிஷத்தில் ஆவுடையப்பனுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த எழுத்து கீழேயும் இறங்காமல் மேலேயும் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. வெந்நீர்த் தொட்டிக்குள் பன்னிரண்டு பாட்டில்கள் கழுத்துவரை முங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தன. பன்னிரண்டிலும் தாய்ப்பால். எட்டு பாட்டில், தன் பிள்ளை குடித்தது போக மிஞ்சியதை யார் பிள்ளைக்காவது ஆகட்டும் என்று கொடுத்துவிட்டுப் போன பெண்களுடையது. அது காய்ச்சியே தீரவேண்டிய பால், யாருக்கு என்ன சீக்கு இருக்கிறதோ யார் கண்டார்கள். மீதி நாலு பாட்டில், அடுத்த அறையில் ஏழாம் நம்பர் இன்குபேட்டர் பெட்டிக்குள் கிடக்கிற ஒரு கிலோப் பிள்ளையின் சொந்தத் தாயான உலகேஸ்வரியுடையது. அந்த நாலும் இந்தத் தண்ணீருக்குள் இருக்கவே கூடாது. சொந்தத் தாயின் பால் சொந்தப் பிள்ளைக்குப் பச்சையாகவே போகவேண்டும், அதுதான் விதி. பத்து மணிக்கு அவருக்கு அது உறைத்துவிட்டது. பத்து மணிக்கு இயந்திரம் ஐம்பதில்தான் இருந்தது. மூடியைத் திறந்து நாலு பாட்டிலை வெளியே எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும், சட்டைக்குப் பொத்தான் போடுகிற நேரம். அவர் திறக்கவில்லை, எடுக்கவில்லை, நின்றார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, அறுபது என்று எழுத்து மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அறுபத்திரண்டரை வந்ததும், இனி எடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியை நினைத்துத்தான் இப்போது அவருக்குக் குமட்டுகிறது. மூக்குக் கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குள்ளும் வாடை வந்துகொண்டுதான் இருந்தது.

வாடை. இதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. பால் காய்ந்தால் வீடே மணக்கும் என்கிறவர்கள் இந்த அறையில் வந்து ஒரு பொழுது உட்கார்ந்து பார்க்கட்டும். இத்தனை பெண்களின் பால் ஒரே தொட்டியில் சூடேறும்போது வருவது மணம் இல்லை. ஒன்றில் வெள்ளைப்பூண்டு. ஒன்றில் சுறாப்புட்டு, பால் ஊறட்டும் என்று வீட்டில் மூன்று வேளையும் அவித்துப் போடுகிறார்கள், அது பாட்டில் மூடியைத் தாண்டி இங்கே வந்து நிற்கிறது. ஒன்றில் பிரசவ லேகியம். எல்லாவற்றுக்கும் அடியில், இனிப்பாக, கொழகொழவென்று, ஆளின் உடம்புச் சூட்டோடு ஒரு வாடை, யாரோ ஒருத்தி கழற்றிப் போட்ட துணிக்குள் முகத்தை வைத்த மாதிரி. ரத்த வங்கியில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர் அவர். ரத்தம் மரியாதையான சரக்கு என்பது அவர் கட்சி. பைக்குள் அடைந்து வரும், பைக்குள் அடைந்து போகும், யாருடையது என்று முகர்ந்து சொல்ல முடியாது. போன சித்திரையில் தாய்ப்பால் வங்கி திறந்தபோது, குளிர்பெட்டியும் சூடும் தெரிந்த ஆள் என்று அவரைத் தூக்கி இங்கே போட்டார்கள். பழைய கூட்டாளிகள் அன்றைக்கே பால்கார அண்ணாச்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். கேன்டீனில் டீ வாங்கும்போது ஒருத்தன் தவறாமல் கேட்பான், அண்ணாச்சிக்கு என்ன டீ, கைவசம் பால் இருக்குமே என்று. அவர் பால் விடாத கட்டன் சாயாதான் குடிப்பார். சின்ன வயதிலிருந்தே பால் என்றால் ஆகாது. அம்மா டம்ளரை நீட்டுவாள், மேலே ஏடு மிதக்கும், அது உதட்டில் ஒட்டும், ஒட்டினால் விரலால் வழித்து உள்ளேயே தள்ளுவாள், முழுங்குலே என்பாள். முழுங்கியது இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து பால் வங்கியில் உட்காரவைத்தால், பாவம், மூக்கு என்ன செய்யும் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். மணி பத்து பதினான்கு.

மூக்கு செய்ததுதான் எல்லாம். ஆம்பிளை என்பதால் தாய்மார்கள் பக்கம் அவர் போவதில்லை. சுவரில் ஒரு சின்ன ஜன்னல், மரக்கதவு போட்டது. அந்தப் பக்கம் பெண்கள் பால் பீய்ச்சி பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைப்பார்கள், இந்தப் பக்கம் அவர் எடுத்துப் பேர் ஒட்டி ஃப்ரீசரில் வைப்பார். முகம் தெரியாது. கை தெரியும். உலகேஸ்வரியின் கையை அவருக்குத் தெரியும். பாவூர்சத்திரம் பக்கத்துப் பெண், பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனி பழுப்பேறிய கை, கண்ணாடி வளையல் இரண்டு. ஏழாம் மாசத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. இந்த மாசம் மூன்றாம் தேதி அவளுடைய பாட்டிலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருக்கி, மூடியைத் திறந்தார். குப்பென்று சோப்பு. சலவை சோப்பு ஊறின வாளியில் மூக்கை விட்டதுபோல, அதற்குப் பின்னாலேயே காறல் எடுத்த எண்ணெய். அவருக்குக் காலையில் தின்ற இட்லி மேலே வந்துவிட்டது. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு சரியாக அலசாமல் பிடித்திருக்கிறாள், இல்லாவிட்டால் குளித்துவிட்டு உடம்பில் சோப்போடு அப்படியே பீய்ச்சியிருக்கிறாள், சுத்தம் தெரியாத ஜனம் என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்துக்கு அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வார்டில் இருக்கிற ஜெபக்கனி சிஸ்டரிடம் சொல்லி அனுப்பினார், அந்தப் பொண்ணுகிட்ட சோப்பு விஷயத்துல கவனமா இருக்கச் சொல்லுங்க என்று. அடுத்த நாளும் உருக்கிய பால் அதே வாடை. மறுபடியும் சொல்லி அனுப்பினார், இந்தத் தடவை கொஞ்சம் கடுமையாக. பாலைக் கீழே ஊற்றவும் மனசு வரவில்லை. பத்து மில்லி, பதினைந்து மில்லி என்று அந்தப் பெண் இரண்டு மணிக்கொரு தரம் வந்து உட்கார்ந்து சேர்க்கிறாள். ஒரு காய்ச்சு காய்ச்சிவிட்டால் என்ன என்று தோன்றியது. பச்சைப் பாலை யார் வீட்டில் குடிக்கக் கொடுக்கிறார்கள்? காய்ச்சினால்தான் பால் பாலாகும், பாத்திரம் கழுவாத வீட்டுப் பால் என்றால் இரண்டு தடவை காய்ச்சு, இதைத்தானே பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம். அவளுடைய பாட்டில்களையும் தொட்டியில் இறக்கினார். அதன்பிறகு வந்ததையெல்லாம் வந்தவுடனேயே காய்ச்சினார், மறுபடி அந்த வாடை வரவே இல்லை. பார்த்தாயா என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஸ்டிக்கர் விஷயத்தில் வந்து நினைப்பு மாட்டிக்கொண்டது, முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி. காய்ச்சின பாலுக்கு நீல ஸ்டிக்கர். சொந்தத் தாயின் பச்சைப் பாலுக்கு மஞ்சள் ஸ்டிக்கர். உலகேஸ்வரியின் பாட்டிலைக் காய்ச்சி எடுத்து, ஆறவைத்து, துடைத்து, அவர் ஒட்டியது மஞ்சள். நீலம் ஒட்டினால் சிஸ்டர் கேட்பாள், ஏன் என்று. மஞ்சள் என்பது யாருடைய பால் என்பதற்கு, என்ன செய்தோம் என்பதற்கு இல்லை என்று அப்போது தனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் சொல்லிக்கொண்டார் என்பதே, தப்பு என்று தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. இல்லை, தெரியவில்லை. மதுரையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு அம்மா படம் போட்டு என்னென்னவோ விளக்கினாள், அவர் மூன்று நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மனசில் நின்றது இரண்டே எண், அறுபத்திரண்டரையும் முப்பதும். இல்லை, விதி சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, இதோ ஸ்டூலில் இருந்தே வாசிக்கலாம், கொட்டை எழுத்து, சொந்தத் தாயின் பாலைச் சூடாக்கக் கூடாது. ஏன் கூடாது என்று அதில் போடவில்லை. போட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன். செய்திருக்க மாட்டேனா? அந்த வாடைக்கு முன்னால் எந்த எழுத்தும் கண்ணில் பட்டிருக்காது. ஒன்பது நாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வேளை. பெருக்கிப் பார்க்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மணி பத்து பத்தொன்பது, எழுத்து 62.5, அசையவில்லை.

ஏன் கூடாது என்பதைத்தான் இன்றைக்குப் பத்து மணிக்குக் கேட்டுவிட்டார். கேட்டிருக்கவே வேண்டாம். ஒரு கையெழுத்து வாங்க வார்டுக்குள் போனார். ஏழாம் பெட்டி பக்கத்தில் டாக்டரம்மாவும் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேரும் நின்றார்கள். ஜெபக்கனி சிஸ்டர் பிள்ளையின் வாய் வழியாகப் போகிற குழாயில் சிரிஞ்சை மாட்டி மெதுவாக இழுத்தாள். ஒவ்வொரு வேளையும் பால் விடுவதற்கு முன்னால் போன வேளைப் பால் வயிற்றில் மிச்சம் இருக்கிறதா என்று அப்படிப் பார்ப்பார்கள். சிரிஞ்சுக்குள் வெள்ளையும் பச்சையுமாகக் கட்டி கட்டியாக வந்தது. பத்து கொடுத்ததில் ஏழு அப்படியே நிற்கிறது என்றாள். திரிந்த பாலில் பித்தம் கலந்த நிறம். புளிச்ச வாடை ஒன்று நாலடி தள்ளி நின்றவருக்கும் வந்தது, அவர் முகத்தைத் திருப்பினார், திருப்பியபோது பிள்ளையைப் பார்க்கும்படி ஆயிற்று. அவர் இத்தனை நாளில் பார்த்ததே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வயிறு, ஊதி, மினுமினுவென்று, மேலே நீல நரம்பு ஓட. மற்றதெல்லாம் அதற்கு ஒட்டவைத்த மாதிரி ஈர்க்குச்சிக் கை கால். மனுஷப் பிள்ளை என்று சொல்ல நா கூசியது. அருவருப்பு வந்தது, சும்மா சொல்லக்கூடாது, அதைப் பார்த்தும் அவருக்கு அருவருப்புத்தான் வந்தது. அப்போது டாக்டரம்மா படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். குறைமாசப் பிள்ளையின் குடலுக்குக் கொழுப்பைச் செரிக்கிற தெம்பு கிடையாது, அதனால் தாய்ப்பாலே செரிக்கிற சாமானையும் தனக்குள்ளேயே வைத்துக் கொண்டுவருகிறது. காய்ச்சினால் அந்தச் சாமான் செத்துப் போகும், பால் வயிற்றில் அப்படியே நிற்கலாம். தானம் வந்த பாலில் வேறு வழியில்லை, காய்ச்சித்தான் ஆகவேண்டும். ஆனால் இந்தப் பிள்ளை குடிப்பது சொந்த அம்மாவின் பச்சைப் பால், மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறது பாருங்கள், இது நிற்கக் கூடாது. நிற்கிறது என்றால் கோளாறு பாலில் இல்லை, குடலில். சிஸ்டர் இடையில், உலகேஸ்வரி பால் முதலில் சோப்பு வாடை அடித்ததே டாக்டர் என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்தாள். அது நல்ல அடையாளம் என்றாள். அந்தச் சாமான் சில பேருக்கு அதிகம், ஃப்ரீசரில் வைத்தாலும் சும்மா இருக்காது, கொழுப்பை உடைத்துக்கொண்டே இருக்கும், அதுதான் அந்த வாடை. பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, பதினோரு மணி வேளையிலிருந்து பாலை நிறுத்து, டிரிப்ஸில் போடு, அறுவை சிகிச்சைக்காரரை வந்து பார்க்கச் சொல்லு என்றாள். கையெழுத்து வாங்காமலே அவர் திரும்பி வந்தார். ஐம்பதில் இருந்தது இயந்திரம்.

சோப்பு இல்லை. அவள் சோப்பே போடவில்லை. அதாவது, போட்டாள், பிறகு போடவில்லை. இது போன வாரம் சிஸ்டர் போகிற போக்கில் சொன்னது, அப்போது அவர் காதில் சரியாக வாங்கவில்லை, இப்போது ஒவ்வொரு வார்த்தையாக வந்து உட்காருகிறது. நீங்க சொன்னதுலேருந்து அந்தப் பொண்ணு குளிக்கிறதுக்குக்கூட சோப்பு தொடுறதில்ல அண்ணாச்சி, வெறும் தண்ணியை ஊத்திட்டு வந்துருது, பக்கத்துக் கட்டில்காரிய மூக்கைப் பிடிக்காளுவ. சிரித்துக்கொண்டே சொன்னாள் சிஸ்டர். அவரும் சிரித்தார். வேர்வையும் பாலும் ஊறி ஒட்டிய ரவிக்கை, பிள்ளை பெற்ற உடம்பு, ஒன்பது நாள். இப்படி ஒருத்தியை இதற்கு முன்னாலும் படுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் நினைப்பு வந்தது. மனைவி காந்திமதி. பதினேழு வருஷம் ஆகிறது, மகள் பிறந்து மூன்றாம் மாசம். ராத்திரி பக்கத்தில் படுத்தால் அவள் சேலையில் புளிச்ச பால் வாடை; தலையணையில், பாயில், அவர் தோளில்கூட. பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் படுத்தார். காரணம் சொல்லவில்லை. புழுக்கமாக இருக்கிறது என்றார். காந்திமதிக்கு யார் சொல்லவேண்டும்? மறுநாளிலிருந்து இரண்டு வேளை குளித்தாள், பிறகு மூன்று வேளை. பவுடர் போட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு நெஞ்சைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தேய்த்துத் தேய்த்து வெடித்துப் புண்ணாகி, பிள்ளை வாய் வைத்தால் துடித்தாள். நாலாம் மாசம் டின் பவுடருக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் நிறுத்திட்டே என்று அவருடைய அம்மா கேட்டதற்கு, ஊறல அத்தே என்றாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், காதில் விழுந்தது. பேப்பரை மடிக்கவில்லை. அன்று ராத்திரி பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், அறையில் பவுடர் வாசம்தான் இருந்தது, நன்றாகத் தூங்கினார். ஒருத்தியைச் சோப்புப் போட வைத்தது, ஒருத்தியைச் சோப்பை விட வைத்தது, இரண்டும் இந்த ஒரே மூக்கு. கவசத்துக்கு மேலே விரலை வைத்து அதை அழுத்திப் பார்த்தார், ஏதோ அது வேறு யாருடைய உறுப்பு மாதிரி.

பத்து இருபத்தெட்டு. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மெமோ வரும். விசாரணை என்று நாலு பேர் உட்காருவார்கள், இவர் நிற்கவேண்டும், ஏன் மஞ்சள் ஒட்டினீர் என்று கேட்பார்கள். வாடை அடித்தது சார் என்று சொல்லவேண்டும். ஒரு கிலோப் பிள்ளையின் வயிற்றைக் கெடுத்ததற்கு வாடை அடித்தது என்று பதில். கேன்டீனில் பேர் மாறும், இதைவிட மோசமாக. சஸ்பெண்டும் ஆகலாம். ஒன்றும் இல்லாவிட்டால் இங்கிருந்து தூக்கி, பழையபடி ரத்த வங்கியில் போடுவார்கள். அந்த நினைப்பு வந்ததும் உடம்பு ஒரு கணம் லேசாயிற்று. மூன்று தடவை மனு எழுதிக் கிடைக்காத ரத்த வங்கி. குளுகுளுவென்று, வாடையில்லாமல். சே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லலாமா என்று யோசிக்கிற இடத்திலேயே இந்தப் புத்தி தனக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காருகிறதே. அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதான் யோக்கியமா? பதினோரு மணிக்குப் பாலை நிறுத்தப் போகிறார்கள், நிறுத்தினால் பிள்ளைக்குக் காய்ச்சின பாலும் போகாது, வயிறு தானாக வடியும், இரண்டு நாளில் மறுபடி பால் விடுவார்கள், அப்போது சத்தமில்லாமல் பச்சைப் பாலைக் கொடுத்துவிட்டால் ஆயிற்று, ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல யோசனை. நல்ல யோசனைதான், அதற்குள் அறுவை சிகிச்சைக்காரர் வந்து அந்த உள்ளங்கை வயிற்றைத் திறக்காமல் இருந்தால். திறந்து பார்த்துக் குடலில் ஒன்றும் இல்லை என்று மூடினால்? மூடினபிறகு பிள்ளை இருக்குமா? ஒருவேளை கோளாறு நிஜமாகவே குடலில் இருக்கலாம், காய்ச்சினதால் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், எத்தனையோ பிள்ளைகள் நீல ஸ்டிக்கர் பால் குடித்துத் தேறிப் போகவில்லையா. இருக்கலாம். டாக்டரம்மாவுக்குத்தான் தெரியும். டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும், அவள் மஞ்சளை நம்பி யோசித்துக்கொண்டிருக்கிறாள். எங்கே சுற்றினாலும் அந்த மஞ்சள் காகிதத்தில் வந்துதான் முட்டியது. எச்சில் ஊறியது, முழுங்கினார், ஏடு முழுங்கின மாதிரி இருந்தது. ஃப்ரீசரில் இப்போது உலகேஸ்வரியின் பால் ஒரு சொட்டு கிடையாது, இருந்த நாலு பாட்டிலும் இதோ வெந்துகொண்டிருக்கிறது. வாயைத் திறந்து சொன்னாலும் கொடுப்பதற்குப் பச்சைப் பால் இல்லை. அது ஒரு காரணமாகக் கொஞ்ச நேரம் தாங்கியது. பத்து முப்பத்தாறு. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம், பீய்ச்சுகிற கருவியின் இழுப்புச் சத்தம், கண்ணாடி வளையல். இரண்டு மணிக்கொரு தரம் வருகிறவள் வந்துவிட்டாள். அந்தக் காரணமும் போயிற்று.

பத்து நாற்பதுக்கு இயந்திரம் மணியடித்தது. வழக்கமாக மணியடித்ததும் எழுந்து குளிர்நீரைத் திறந்துவிடுவார். எழுந்தார், திறந்துவிட்டார், கை தானாகச் செய்தது. அப்போது மரக்கதவை யாரோ விரலால் தட்டினார்கள். கதவைத் தள்ளினார். விளிம்பில் பாட்டில், அடியில் பன்னிரண்டு மில்லி போல, மஞ்சள் கலந்த வெள்ளையாக. பழுப்பு விரல்கள் பாட்டிலை விடவில்லை.

"சார், இன்னைக்கும் நான் சோப்பு போடல. பாட்டிலையும் வெறும் வெந்நியிலதான் அலசுனேன். மோந்து பாத்து சொல்லுங்க, வாடை இருக்கா?"

ஜன்னல் வழியாக முதலில் வந்தது அவள் உடம்பு வாடை. ஒன்பது நாள் வேர்வை, காய்ந்த பால், பழைய துணி. ஆவுடையப்பன் கவசத்தை இறக்கினார். பாட்டிலை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சோப்பு இல்லை. இப்போதுதான் பீய்ச்சின பாலில் அது எப்படி இருக்கும். ஒன்றுமே இல்லை, லேசான இனிப்பு, அவ்வளவுதான். ஆனால் பாட்டில் சூடாக இருந்தது. தொட்டியில் வைக்காத சூடு, அவளுக்குள்ளிருந்து வந்த சூடு, உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதைக் கீழே வைத்துவிடவேண்டும் போல இருந்தது. அவர் வைக்கவில்லை. அப்படியே அறைக் கதவைத் திறந்து, இத்தனை மாசத்தில் ஒருநாளும் போகாத அந்தப் பக்கம் போனார். அவள் திடுக்கிட்டு எழுந்து சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஜன்னலில் தெரிந்த கைக்கு இப்படி ஒரு சின்ன முகம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"ஏம்மா, என்கூட வா" என்றார். பாலில் மறுபடியும் ஏதாவதா என்று அவள் பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தாள். அவர் நேரே வார்டுக்கு நடந்தார்.

வார்டில் டாக்டரம்மா இல்லை. ஜெபக்கனி சிஸ்டர் ஏழாம் பெட்டியின் பக்கத்தில் டிரிப்ஸ் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தாள். அவரையும், கையில் ஸ்டிக்கர் இல்லாத பாட்டிலையும், பின்னால் நின்றவளையும் பார்த்தாள்.

"பாலு இனி வேண்டாம்னுட்டாங்க அண்ணாச்சி. ஒங்ககிட்ட சொல்லலையா?"

"டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க சிஸ்டர். இது காய்ச்சாத பால். இதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்குப் போனது பூராவும் நான் காய்ச்சினது."

"மஞ்சள்தான ஒட்டியிருந்துது?"

"காய்ச்சிட்டு மஞ்சள் ஒட்டுனேன்."

"எத்தனை நாளா?"

"ஒம்பது நாளா. எனக்கு அந்த வாடை ஆகல."

சிஸ்டர் மாட்டின டிரிப்ஸின் திருகை மூடிவிட்டு, போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். அவர் திரும்பி உலகேஸ்வரியைப் பார்த்தார். தப்பு உன் மேல் இல்லை, போய் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, புரிந்தது முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அழவில்லை, கத்தவில்லை. மூக்கு லேசாகச் சுருங்கியது. அரை அடி பின்னால் நகர்ந்து, சேலைத் தலைப்பை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். பாட்டில் மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும், சிங்க்குக்கு மேலே மாட்டியிருக்கிற கண்ணாடியில் அவர் பார்க்கிற முகம் அது.

"டாக்டர் வாராங்க" என்று சிஸ்டர் சொன்னாள். கையை நீட்டினாள். "அதை இங்க கொண்டாங்க. சூடு ஆறிரும்."

கொடுத்தார். கை காலியானபிறகும் அந்தச் சூடு உள்ளங்கையில் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் அதைத் துடைக்காமல் நின்றார்.